கடத்தலும் அகற்றலும்: போக்கிமான் ஆட்டத்தின் களக்கண்ணிகளும் புறத்திணையின் அரண்போரும்

ஆய்வுச் சுருக்கம்

போக்கிமான் போட்டி ஆட்டத்தில் எதிரியின் களத்தில் கண்ணிகளைப் பரப்புவதும், பரப்பிய கண்ணிகளை அகற்றுவதும் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கும் செயல்கள். இக்கட்டுரை அவ்விதிகளையும் 1999 முதல் 2022 வரை அவை அடைந்த மாற்றங்களையும் ஒரு பனுவலாகக் கொண்டு, உழிஞை, நொச்சித் திணைகளின் துறையமைப்போடு ஒப்பிட்டு வாசிக்கிறது. அரணைக் கடத்தலையும் காத்தலையும் துறைகளாக வகுத்த புறப்பொருள் இலக்கணம், தடையை அகற்றும் பணிக்குத் தனித்துறை வகுக்கவில்லை. அப்பணி காப்போரின் துறைகளில் மறைமுகமாகவே தென்படுகிறது. ஆட்டமோ அகற்றலுக்குப் பெயரும் பொறுப்பும் தந்து, பின்னர் அதனைத் தனிநபர் காப்பாகச் சுருக்கும் திசையில் நகர்ந்துள்ளது. இவ்விரு நிலைகளின் பொருளை ஆரல்வாய்மொழி அரண்போர், வன்னியின் மிதிவெடி அகற்றும் பணி ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச் சொற்கள்: புறத்திணை, உழிஞை, நொச்சி, மிளை, கிடங்கு, போக்கிமான், களக்கண்ணி, கண்ணி அகற்றல், ஆரல்வாய்மொழி.

முன்னுரை

தமிழாய்வில் கணினி விளையாட்டு பெரும்பாலும் இரண்டு வகையில் மட்டுமே பேசப்படுகிறது. ஒன்று, சிறார் உளநலத்திற்கு நேரும் கேடு. மற்றொன்று, தமிழ்க் கற்பித்தலுக்குத் துணைசெய்யும் கருவி. ஆட்டத்தின் விதிகளையே பொருள்தரும் பனுவலாகக் கொண்டு வாசிக்கும் முயற்சி மிகக் குறைவு. ஆனால் அத்தகைய வாசிப்புக்குத் தேவையான மரபு தமிழில் முன்பே உண்டு. போரைத் திணை, துறை எனப் பகுத்து, எச்செயலுக்கு எப்பெயர், எச்செயலை அடுத்து எச்செயல் என ஒழுங்குபடுத்திய இலக்கணம் நம்முடையது. ஓர் ஆட்டத்தின் விதித்தொகுப்பும் அவ்வாறே செயல்படுகிறது. எதைச் செய்யலாம், அதற்கு என்ன விலை, அதனை யார் தடுக்கலாம் என்பவற்றை அது வகுக்கிறது.

இவ்வொப்பீட்டின் நோக்கம், பழந்தமிழர் இன்றைய ஆட்டத்தை அன்றே அறிந்திருந்தனர் என நிறுவுவதன்று. அத்தகைய பெருமிதம் இலக்கியத்துக்கும் உதவாது, ஆட்டத்துக்கும் உதவாது. ஒன்றில் பெயர்பெற்ற செயல் மற்றொன்றில் பெயரின்றிக் கிடப்பது ஏன் என்னும் வினாவே இங்கு முதன்மையானது. களத்தில் பரப்பப்பட்ட தடைகளை யார் அகற்றுவது, எவருக்காக அகற்றுவது என்பதே அவ்வினாவின் மையம்.

களக்கண்ணி: விதியின் அமைப்பு

போக்கிமான் ஆட்டம் 1996இல் ஜப்பானில் வெளியானது. அதன் போட்டி வடிவில் இருவர் மோதுவர். ஒற்றையர் ஆட்டத்தில் ஒவ்வொருவரிடமும் ஆறு உயிரிகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றே களத்தில் நிற்கும். ஒவ்வொரு முறையிலும் ஆட்டக்காரர் களத்தில் நிற்கும் உயிரியின் நான்கு நகர்வுகளுள் ஒன்றைப் பயன்படுத்தலாம். அல்லது அதனைத் திரும்ப அழைத்து வேறொன்றை இறக்கலாம். நெருப்பு, நீர், பாறை, பறவை என உயிரிகள் பல வகைப்படும். ஒரு வகை மற்றொன்றிடம் வலுப்பெறும் அல்லது மெலியும். எனவே, தகுந்த நேரத்தில் தகுந்த உயிரியை மாற்றி இறக்குவதே ஆட்டத்தின் உயிர்நாடி.

இம்மாற்றத்திற்கு விலை வைப்பவையே களக்கண்ணிகள். 1999இல் வெளியான இரண்டாம் தலைமுறை ஆட்டத்தில் ‘ஸ்பைக்ஸ்’ எனப்படும் முள் பரப்பும் நகர்வு அறிமுகமானது. எதிரியின் பக்கத்தில் முட்களைப் பரப்பிவிட்டால், அப்பக்கத்தில் புதிதாக இறங்கும் உயிரி தன் முழு உயிர்ப்புள்ளிகளில் எட்டில் ஒரு பங்கை இழக்கும். மூன்றாம் தலைமுறையிலிருந்து முட்களை மூன்று அடுக்குவரை பரப்பலாம். மூன்றாம் அடுக்கில் இழப்பு நான்கில் ஒரு பங்காகும். பறக்கும் உயிரிகளை முள் தீண்டாது. 2006இல் வந்த நான்காம் தலைமுறையில் ‘ஸ்டெல்த் ராக்’ என்னும் கூர்ங்கற்கள் சேர்ந்தன. இவை பறப்பவற்றையும் விடுவதில்லை. பாறைத் தாக்குதலுக்கு அவ்வுயிரி எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவுக்கு இழப்பு கூடும். இயல்பான உயிரிக்கு எட்டில் ஒரு பங்கு. நெருப்பும் பறத்தலும் கூடிய சாரிசார்ட் போன்றதற்குச் சரிபாதி. பாறையை நன்கு தாங்குவதற்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு மட்டுமே.

இவ்விதி இரு வகையில் கருதத்தக்கது. முதலாவதாக, கண்ணி பரப்பியவர் அதன்பின் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு முறை செலவிட்டால், ஆட்டம் முடியும்வரை அது தானே தீங்கு செய்துகொண்டிருக்கும். இரண்டாவதாக, அத்தீங்கு அனைவருக்கும் ஒன்றன்று. ஒரே கல் ஒன்றுக்குக் கீறல். மற்றொன்றுக்குப் பாதி உயிர்.

கண்ணியோடு அதனை அகற்றும் நகர்வும் 1999இலேயே வந்துவிட்டது. ‘ரேப்பிட் ஸ்பின்’ எனப்படும் சுழற்சித் தாக்குதல், அதனைச் செய்யும் உயிரியின் பக்கத்தில் கிடக்கும் கண்ணிகளைத் துடைத்துவிடும். தாக்குதல் என்ற அளவில் அது மிக வலுக்குறைந்தது. அதற்காக ஒரு முறையைச் செலவிடுவது எதிரிக்கு ஒரு முறையை இலவசமாகக் கொடுப்பதற்குச் சமம். அச்செலவை ஒரே உயிரி ஏற்கிறது. பயனோ பின்னால் இறங்கும் ஐந்துக்கும் சேர்கிறது. ஆட்டக்காரர்கள் இப்பணி செய்யும் உயிரியை ‘ஸ்பின்னர்’ எனத் தனிப்பெயரிட்டு அழைக்கின்றனர். அணி அமைக்கும்போதே ‘ஸ்பின்னர் யார்?’ என்ற வினா எழுகிறது.

அகற்றலைத் தடுப்பதற்கும் ஒரு பொறுப்பு உருவானது. சுழற்சித் தாக்குதல் ஆவி வகை உயிரியின்மீது செல்லாது; சென்று படாவிட்டால் கண்ணியும் அகலாது. எனவே, எதிரி சுழலப்போகிறான் என ஊகித்து, அந்நேரத்தில் ஆவி வகை உயிரியை இறக்கித் தான் பரப்பிய கண்ணிகளைக் காப்பது ஓர் உத்தியாயிற்று. பரப்புவோர், அகற்றுவோர், அகற்றலைத் தடுப்போர் என மூவகைப் பொறுப்புகள் இவ்வாறு நிலைபெற்றன. இம்மூன்றையும் ஏந்திக்கொண்டு புறத்திணைக்குச் செல்லலாம்.

உழிஞை, நொச்சி: கடப்போரும் காப்போரும்

தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாகக் கொள்கிறது. அரணை முற்றுகையிடுவதும் கைக்கொள்வதும் உழிஞை. அரணுக்கு உள்ளிருப்போனும் புறத்திருப்போனும் ஆகிய இருவரின் செயல்களும் அவ்வொரு திணைக்குள்ளேயே அடங்குகின்றன. புறப்பொருள் வெண்பாமாலை திணைகளைப் பன்னிரண்டாக்கி, முற்றுகையிடுவோர்க்கு உழிஞையும் காப்போர்க்கு நொச்சியும் எனப் பிரிக்கிறது. இப்பிரிவால், தடையின் இருபுறமும் நிற்போரின் செயல்களைத் தனித்தனியே காண இயல்கிறது.

பழந்தமிழ் அரணின் தடைகள் அடுக்கடுக்கானவை. புறத்தே மிளை எனப்படும் காவற்காடு, அதன் உள்ளே கிடங்கு அல்லது அகழி, அதற்கும் உள்ளே மதில், மதில்மேல் பொறிகள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரையின் மிளையையும் கிடங்கையும் சொல்லி, தானே வளைந்து எய்யும் வில், கல் உமிழும் கவண் முதலிய மதிற்பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. ஆள் இன்றியே தீங்கு செய்யும் கருவி என்னும் எண்ணம் அப்பட்டியலில் உண்டு. முள்ளையும் கல்லையும் பரப்பிவிட்டு வேறு பணிக்குச் செல்லும் ஆட்டக்காரரின் எண்ணமும் அதுவே.

உழிஞைத் துறைகள் இவ்வடுக்குகளின் வரிசையிலேயே செல்கின்றன. புறத்துழிஞை, மிளையைக் கடந்து அகழியின் புறத்தே தங்குவது. பாசிநிலை, அகழியிடத்துப் பொருவது. ஏணிநிலையும் எயிற்பாசியும் மதிலில் ஏணி சார்த்துவதையும் அதில் ஏறுவதையும் பற்றியவை. மிளை, கிடங்கு, மதில் என்னும் மூன்றிற்கும் உரிய வினை ஒன்றே, அது கடத்தல். தடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீரன் அதனைத் தாண்டிச் செல்கிறான். தாண்டியதன் அருமையே பாடுபொருளாகிறது. தடை எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குப் புகழ் உயரும் என்பதால், தடை நிலைத்திருப்பது பாடலுக்கும் தேவையாகிறது.

நொச்சிக்கு வந்தால் காட்சி மாறுகிறது. ஊர்ச்செரு என்னும் துறை, மிளையும் கிடங்கும் அழிந்துவிடாதபடி காப்போர் பொருத சிறப்பைக் கூறுகிறது. செருவிடை வீழ்தல் என்னும் துறை, அவ்விரண்டையும் காத்து அப்போரில் வீழ்ந்த வீரரின் விறலைக் கூறுகிறது. இங்குக் காக்கப்படுவது அரசனோ ஊர்மக்களோ அல்லர். தடையே நேரடியாகக் காக்கப்படுகிறது. ஆட்டத்தில் ஆவி வகை உயிரி செய்யும் பணிக்கு இதனினும் நெருங்கிய இணை கூற இயலாது.

இவ்விரு துறைகளும் ஒரு செய்தியை மறைமுகமாகத் தருகின்றன. மிளையும் கிடங்கும் அழியாமல் காக்க ஒருவர் உயிர்விட்டார் எனில், அவற்றை அழிக்க எவரோ முயன்றனர் என்பது பெறப்படும். காவற்காட்டை வெட்டியவர், அகழியை மண்ணிட்டுத் தூர்த்தவர் எதிர்ப்படையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் உழிஞையில் அவர்கள் செயலுக்குத் துறை இல்லை. தடையை அகற்றும் செயல், அதனைச் செய்தவரின் திணையில் பெயர்பெறாமல், அதனைத் தடுத்தவரின் திணையில் நிழலாக மட்டும் தெரிகிறது. ஏணியேறிய வீரனுக்கு வெண்பா உண்டு. அவன் ஏணி நிற்பதற்கு அகழியில் மண் கொட்டியவனுக்கு இல்லை.

நிலத்தைத் திருத்தும் செயல் உழிஞையில் ஓரிடத்தில் வெளிப்படையாக வருகிறது. அது உழுதுவித்திடுதல். வென்ற மன்னன் பகைவரின் அழிந்த அரணிடத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுவித்து வரகும் கொள்ளும் விதைப்பிப்பது அத்துறை. புறநானூற்றின் 15ஆம், 392ஆம் பாடல்களிலும் இவ்வழக்கம் பேசப்படுகிறது. தடை தரைமட்டமாகிறது, ஏர் ஓடுகிறது, விதையும் விழுகிறது. ஆயினும் அது எவரும் மீண்டும் வந்து வாழ்வதற்கான உழவன்று. இனி இங்கு எவரும் வாழலாகாது என்பதற்கான உழவு. நிலம் துப்புரவாவது தோற்றவரின் இழிவாக மட்டுமே இலக்கணத்தில் இடம்பெறுகிறது.

நாஞ்சில் நாட்டார்க்கு இத்துறை சொல்லளவிலும் நெருக்கமானது. நாஞ்சில் என்பது கலப்பையைக் குறிக்கும் சொல். மதிலுறுப்பு என்ற பொருளையும் அகராதிகள் அதற்குத் தருகின்றன. உழவும் அரணும் ஒரு சொல்லில் கூடும் நாட்டில், அரண்போர் உண்மையில் எவ்வாறு நிகழ்ந்தது எனக் காண்பது பொருத்தமானது.

ஆரல்வாய்மொழி: மேட்டின் வழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், திருநெல்வேலிப் பக்கமிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும் வாயில் ஆரல்வாய்மொழிக் கணவாய். திருவிதாங்கூர் அரசு இக்கணவாயின் குறுக்கே, இருபுறக் குன்றுகளையும் இணைத்து, மதிலும் சிற்றரண்களும் அமைத்திருந்தது. 1809இல் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்தபோது, கர்னல் செயின்ட் லெஜர் தலைமையிலான கம்பெனிப் படை பாளையங்கோட்டை வழியாக வந்து இவ்வரண்முன் நின்றது.

கணவாயின் வாயிலை நேரே உடைப்பது பெரும் இழப்பைத் தந்திருக்கும். மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு தெற்குப் பக்கக் குன்றின்மேல் இரவில் ஏறிச் சென்று, பிப்ரவரி 10 அன்று அங்கிருந்த அரண்நிலையைக் கைப்பற்றியது. மேட்டிலிருந்து தாக்கப்பட்டதும் கீழிருந்த மதில்வரிசை பயனற்றதாயிற்று. நாஞ்சில் நாட்டின் வாயில் திறந்தது. உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளும் அம்மாதத்திலேயே கம்பெனி வசமாயின. வெல்ஷ் தம் படைநினைவுகளை 1830இல் நூலாக வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சியில் தடை எதுவும் அகற்றப்படவில்லை. அதற்கு மேலாகச் செல்லப்பட்டது. முட்பரப்பு பறக்கும் உயிரியைத் தீண்டாதது போலவே, கணவாயை மூடிய மதில் குன்றின்மேல் ஏறியவரைத் தீண்டவில்லை. உழிஞை இலக்கணம் எதிர்பார்த்ததும் இதனையே. மேஜர் ஒருவரின் நூலில் அந்த ஏற்றம் அவருடைய வெற்றியாகிறது. ஏணிநிலைக்கும் இதற்கும் இடையே நூற்றாண்டுகள் பல கடந்திருப்பினும் கதைசொல்லும் முறை மாறவில்லை: கடந்தவனுக்குப் பெயர் உண்டு, தடையின் பின்கதைக்கு இடமில்லை.

அகற்றலின் மூன்று வடிவங்கள்

கடத்தலை மட்டும் அறிந்த மரபின் பக்கத்தில் வைத்து நோக்கும்போது, ஆட்டத்தின் சிறப்பு தெளிவாகிறது. அது அகற்றலை ஒரு பொறுப்பாக்கியது. அப்பொறுப்பு இருபதாண்டுகளில் மூன்று வடிவங்களை எடுத்தது.

முதல் வடிவம், தன் பக்கத்தை மட்டும் துடைப்பது. ரேப்பிட் ஸ்பின் இவ்வகையினது. இதில் அகற்றுவோர் எதையும் இழப்பதில்லை. தாம் எதிர்ப்பக்கத்தில் பரப்பியது அப்படியே இருக்கும். அணியின் நலனுக்காக ஒருவர் உழைக்கிறார். ஆனால் போரின் தன்மை மாறுவதில்லை. ஃபோர்ட்ரெஸ் என்னும் உயிரி இதற்குத் தக்க சான்று. அதன் ஆங்கிலப் பெயரில் காடும் கோட்டையும் கலந்து ஒலிக்கின்றன. நம் சொற்களில் மிளையும் மதிலும். எதிரியின் பக்கத்தில் முள் பரப்பவும், தன் பக்கத்து முள்ளைத் துடைக்கவும் அதனால் இயலும்.

இரண்டாம் வடிவம், இருபக்கத்தையும் துடைப்பது. ‘டிஃபாக்’ என்னும் நகர்வு 2006இல் அறிமுகமானபோது எதிரியின் பக்கத்தில் கிடந்தவற்றை மட்டுமே நீக்கியது. ஒற்றையர் ஆட்டத்தில் அதனைப் பயன்படுத்தினால் தாம் பரப்பிய கண்ணியையே இழக்க நேரும். 2013இல் வந்த ஆறாம் தலைமுறையில் அதன் விதி மாற்றப்பட்டு, இருபக்கக் கண்ணிகளும் ஒருசேர நீங்கின. ஆவி வகை உயிரியாலும் இதனைத் தடுக்க இயலவில்லை. இங்கு அகற்றுவோர் ஒரு விலை தருகின்றனர்: எதிரி பரப்பியது போகவேண்டுமெனில், தாம் பரப்பியதும் போகும். கண்ணிகளையே நம்பி அணி அமைத்தவர் இதனைப் பயன்படுத்தத் தயங்குவார். எவர் பரப்பியது என்று வினவாமல் களம் முழுவதையும் துப்புரவாக்கும் செயல் ஆட்டத்தில் முதன்முறையாக வலுப்பெற்றது அப்போதுதான்.

மூன்றாம் வடிவத்தில் அகற்றலே இல்லை. 2019இல் வந்த எட்டாம் தலைமுறையில் ‘ஹெவி டியூட்டி பூட்ஸ்’ எனப்படும் தடித்த காலணி ஒரு கைப்பொருளாக அறிமுகமானது. அதனை அணிந்த உயிரியைக் களக்கண்ணிகள் எவையும் பாதிப்பதில்லை. முள் கிடக்கிறது, கல்லும் கிடக்கிறது, காலணி அணிந்தது மட்டும் நடந்து செல்கிறது.

2022இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் இம்மாற்றம் மேலும் இறுகியது. டிஃபாக் கற்றிருந்த உயிரிகள் பல அதனை இழந்தன. கோல்டெங்கோ என்னும் புதிய உயிரி ஆவி வகையாதலால் ரேப்பிட் ஸ்பின்னைத் தடுக்கிறது. தனக்குரிய சிறப்பியல்பால் டிஃபாக்கையும் தடுக்கிறது. ஊர்ச்செருவின் வீரனை ஒத்த ஓர் உயிரி இரு வாயில்களையும் ஒருங்கே அடைத்து நிற்க, ஆட்டக்காரர் பலர் காலணியையே நாடினர். அகற்றும் புது நகர்வுகள் சிலவும் அத்தலைமுறையில் சேர்ந்தன. எனினும் அவை மிகச் சில உயிரிகளுக்கே உரியவை.

காலணியும் களமும்

காலணிக்குச் சார்பான வாதம் வலுவானது. அதனைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. கூர்ங்கற்களால் பாதி உயிரை இழந்துவந்த நெருப்பு, பறவை வகை உயிரிகள் 2006 முதல் போட்டிக் களத்தில் பெரும் பின்னடைவோடு ஆடின. அவற்றைச் சேர்த்தால் துடைப்பவர் ஒருவரையும் சேர்த்தாக வேண்டும். துடைப்பவர் வீழ்ந்தால் அவையும் வீழ்ந்தன. காலணி அவற்றை அச்சார்பிலிருந்து விடுவித்தது. ஒருவர்மீதே சுமத்தப்பட்டிருந்த பணியின் பளுவும் குறைந்தது. மெலிந்தோர்க்குக் கிடைத்த விடுதலை எனவே இதனைப் பலர் கண்டனர்.

ஆயினும் இவ்விடுதலையின் நிபந்தனைகளையும் நோக்க வேண்டும். ஓர் உயிரி ஒரே ஒரு கைப்பொருளையே ஏந்தலாம். காலணியை ஏந்தியது, உயிர்ப்புள்ளியை மீட்கும் பொருளையோ வலுவைக் கூட்டும் பொருளையோ ஏந்த இயலாது. கல்லால் குறைவாகப் பாதிக்கப்படும் உயிரிக்கு இக்கட்டாயம் இல்லை. ஆகவே, யார் மெலிந்தவரோ அவரே தம் ஒரே உடைமையைக் காப்புக்குச் செலவிட வேண்டியுள்ளது. மேலும், ‘நாக் ஆஃப்’ என்னும் பரவலான நகர்வு எதிரியின் கைப்பொருளைத் தட்டிவிடும். காலணி போனபின் களத்தில் கிடக்கும் கல் முன்போலவே பாதி உயிரைப் பறிக்கும். துப்புரவான களத்தை எவரும் ஒருவரிடமிருந்து தட்டிப்பறிக்க இயலாது. புதிதாகக் கண்ணி பரப்ப எதிரி இன்னொரு முறையைச் செலவிட்டாக வேண்டும்.

அதிகாரபூர்வப் போட்டிகளின் விதி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அவற்றில் ஓர் அணியின் இரு உயிரிகள் ஒரே கைப்பொருளை ஏந்தலாகாது. எனவே காலணி ஒன்றிற்கு மட்டுமே கிட்டும். ஆனால் அவை இரட்டையர் ஆட்டங்கள், விரைவில் முடிபவை, மாற்றி இறக்குதலும் குறைவு. கண்ணிகளுக்கு அங்கு இடம் சிறிது. ஸ்மோகன் போன்ற ஆட்டக்காரர் குழுக்கள் வகுத்துக்கொண்ட ஒற்றையர் ஆட்டத்திலோ அத்தகைய வரையறை இல்லை. ஆறு உயிரிகளும் காலணி அணியலாம். கண்ணி மிகுந்த ஆட்டத்தில்தான் தனிக்காப்பும் வரம்பின்றிக் கிடைக்கிறது. இதன் விளைவாக, களம் எல்லார்க்கும் பொதுவான இடம் என்ற நிலை தேய்ந்து, அவரவர் காலே அவரவர் களம் என்ற நிலை வளர்கிறது.

மிதிவெடி அகற்றலின் முன்

இவ்வேறுபாடு விதிநுணுக்கம் மட்டும்தானா என்ற வினாவுக்கு, ஆட்டத்திற்கு வெளியே தமிழர் வாழும் நிலம் ஒன்று விடை தருகிறது. இலங்கையில் போர் 2009 மே மாதத்தில் முடிந்தபோது, வடமாகாணத்தின் பல பகுதிகளில் மிதிவெடிகள் புதைந்து கிடந்தன. அரசப் படையினரும் விடுதலைப் புலிகளும் ஆகிய இருதரப்பினரும் அவற்றைப் புதைத்திருந்தனர். முகமாலை அவற்றுள் மிகச் செறிவாக வெடிகள் கிடந்த இடங்களுள் ஒன்று. ஹலோ டிரஸ்ட் முதலிய நிறுவனங்கள் அகற்றும் பணியில் ஈடுபட்டன. ஹலோ டிரஸ்ட் 2002 முதலே இலங்கையில் பணியாற்றி வருகிறது. பணியாளருள் அவ்வட்டாரத்துப் பெண்கள் பலர். இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது.

ஆட்டத்தில் ஒரு முறையில் முடியும் அகற்றல், அந்நிலத்தில் சதுர மீட்டர் கணக்கில், முழந்தாளிட்டு, கருவியால் தடவி, மண்ணை மெல்லச் சுரண்டி ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. துயரத்தின் அளவை ஒப்பிடுவது இங்கு நோக்கமும் அன்று. அகற்றலின் வடிவத்தை ஒப்பிடுவதே நோக்கம். மிதிவெடி அகற்றுவோர் இன்ன தரப்பு புதைத்தது எனப் பிரித்து எடுப்பதில்லை. கிடப்பவை அனைத்தையும் எடுக்கின்றனர். அவ்வகையில் அது இரண்டாம் வடிவத்தைச் சார்ந்தது. அவர்களும் காப்புடை அணிகின்றனர். ஆனால் காப்புடை அகற்றுவதற்கான துணையே அன்றி, அகற்றலுக்கு மாற்றன்று. அக்காப்பை அணியாத குழந்தையும் மாடும் நடக்கும்படி நிலம் ஆனபின்னரே பணி முடிந்ததாகக் கொள்ளப்படும். காலணியால் ஒருவர் அந்நிலத்தைக் கடக்கலாம்; அங்கு மீளக் குடியேறி வாழ இயலாது.

உழுதுவித்திடுதல் என்னும் துறை இங்கு நேர்மாறாகத் திரும்புகிறது. வெடி அகற்றப்பட்ட காணியில் மீண்டும் பயிர் செய்வதும் போர்க்களத்தை உழுவதே. ஆனால் உழுபவர் வென்ற மன்னர் அல்லர், நிலத்துக்கு உரியவர். விதைப்பது இழிவுபடுத்துவதற்கன்று, உண்பதற்கு. இச்செயலுக்குப் புறத்திணை மரபில் துறைப்பெயர் இல்லை. போர் முடிந்ததன் அடையாளமாக மரபு நமக்குத் தந்தவை களவேள்வியும் திறைகொண்டு பெயர்தலும் போன்றவையே.

முடிவுரை

புறத்திணை மரபு அரண்போரைத் தடை, கடத்தல், காத்தல் என்னும் மூன்றன் வழியே கண்டது. தடையை அகற்றியவரின் செயல் அதில் ஊர்ச்செருவின் மறுபக்கமாக ஊகித்தறியும் அளவிலேயே உள்ளது. இது இலக்கணத்தின் குறை என்பதினும், எவர் செயல் பாடத்தக்கது என்பது பற்றிய அதன் முடிவு எனக் கொள்வதே பொருந்தும். பாசறையில் மண் சுமந்தவரும் மரம் வெட்டியவரும் பாடாண் பெறத்தக்கவராகக் கருதப்படவில்லை. 1809இன் ஆரல்வாய்மொழியை எழுதிய படைத்தலைவரும் அதே முடிவின் வழியில்தான் நின்றார்.

போக்கிமான் ஆட்டம், வணிகப் பொழுதுபோக்கு என்ற எல்லைக்குள் நின்றே, அகற்றலுக்கு ஒரு பெயரும் ஒரு விலையும் ஒரு மதிப்பும் அளித்தது. 2013இன் விதிமாற்றம் அதனை இருதரப்புக்கும் பொதுவான செயலாக உயர்த்தியது. 2019இன் காலணி அதனைத் தேவையற்றதாக்கும் திசையில் செலுத்தியது. ஆட்டம் முடிந்ததும் களமும் மறைந்துவிடுவதால் அங்குக் காலணி போதுமானதாகலாம். களம் மறையாத இடங்களில் அது போதாது.

உழிஞை, நொச்சிப் பாடல்களை இனி வாசிப்போர் ஒரு வினாவைக் கூடுதலாக எழுப்பலாம். மிளையும் கிடங்கும் வரும் இடந்தோறும், அவற்றைக் கடந்தவர் யார், காத்தவர் யார் என்பதோடு, போர் ஓய்ந்தபின் அவற்றை எவர் எவருக்காக அகற்றினர் என்றும் கேட்கலாம். பல இடங்களில் பாடல் விடை தராது. அவ்வாறு விடை தராத இடங்களைத் தொகுத்து வகைப்படுத்துவதே புறப்பாடல் ஆய்வில் அடுத்துச் செய்யத்தக்க பணி.